எத்தனை எண் சொன்னால் இடம் தெரியும்? பல்பரிமாண அணிகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

செய்நிரலாக்கம், அதாவது கணினிக்குக் கட்டளைகளை எழுதுவது, கற்கத் தொடங்கும் மாணவர்கள் ஒருபரிமாண அணியை, அதாவது ஒரே பெயரின் கீழ் ஒரே வரிசையில் வைத்த பெறுமானங்களை, ஓரிரு வாரங்களில் பழகிவிடுகிறார்கள். இருபரிமாண அணியையும் கொப்பியில் கீறிய அட்டவணை என்று எண்ணிக்கொண்டு ஓரளவுக்குச் சமாளிக்கிறார்கள். மூன்றாவது பரிமாணம் என்று சொன்னவுடன் பேனையைக் கீழே வைத்துவிட்டு, மனத்துக்குள் ஒரு பெரிய பெட்டியைக் கட்டி, அதனுள்ளே சிறு சிறு அறைகளைக் கற்பனை செய்ய முயல்கிறார்கள். நான்காவது பரிமாணம் என்றால் அந்த முயற்சியும் நின்றுவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் உயர்தர (12, 13 ஆம் வகுப்பு) மாணவருக்குப் பைதன் என்ற செய்நிரல் மொழியைக் கற்பித்துவரும் நான், திறமையான பிள்ளைகளே இந்த இடத்தில் தங்களுக்குக் கணினி சரிவராது என்று முடிவுகட்டுவதைக் கண்டு வருந்தியிருக்கிறேன். அவர்களுடைய அறிவில் குறை எதுவும் இல்லை. பரிமாணம் என்ற சொல்லை நாங்கள் அவர்களிடம் கொடுத்த விதத்திலேதான் குறை இருக்கிறது.

கணித வகுப்பில் கேட்ட நீளம், அகலம், உயரம். தியேட்டரில் கண்ணாடி அணிந்து பார்த்த முப்பரிமாணப் படம். காலமே நான்காவது பரிமாணம் என்று எங்கோ வாசித்த வரி. இவை எல்லாம் ஒன்றுசேர்ந்து, பரிமாணம் என்றால் வெளியில் இடம்பிடிக்கும் ஓர் உருவம் என்ற எண்ணத்தை உண்டாக்கிவிடுகின்றன. அணியைப் பற்றிப் பேசும்போது அந்த எண்ணம் உதவுவதைவிடத் தடுப்பதே அதிகம். ஓர் அணிக்குள் இருக்கும் ஒரே ஒரு பெறுமானத்தை ஐயமில்லாமல் சுட்டுவதற்கு எத்தனை எண்கள் தேவையோ, அந்த அணிக்கு அத்தனை பரிமாணங்கள் உண்டு. இந்த ஒரு வரியைத்தான் இங்கே விரித்துச் சொல்லப்போகிறேன்.

ஒரு வாய்க்கால், பல பாத்திகள்

கோண்டாவில், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாடத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். கிணற்றிலிருந்து இறைக்கும் நீர் வாய்க்கால் வழியே ஓடுகிறது. வாய்க்காலின் ஓரமாகப் பாத்திகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கின்றன. மண்வெட்டியுடன் நிற்பவர் முதற்பாத்தியின் வாயைத் திறந்து, அது நிறைந்ததும் அடைத்துவிட்டு, அடுத்த பாத்திக்குப் போகிறார். ஒரே ஒரு வாய்க்கால் மட்டும் இருக்கும் தோட்டத்தில், எந்தப் பாத்தியில் பயிர் வாடியிருக்கிறது என்று சொல்ல ஓர் எண் போதும்.

செய்நிரலில் ஒரு பெறுமானத்தை இட்டுவைக்கும் பெயரிட்ட இடத்தை மாறி என்கிறோம். நாற்பது மாணவரின் புள்ளிகளை வைத்திருக்க நாற்பது மாறிகளுக்குப் பெயர் தேடுவது வீண் வேலை. ஆகையால், ஒரே வகையான பெறுமானங்களை ஒரே பெயரின் கீழ் வரிசையாக வைக்கிறோம். இதுவே அணி. வரிசையில் ஒவ்வொன்றும் இருக்கும் இடத்தைக் குறிக்கும் எண் சுட்டி எனப்படும். புள்ளி என்ற அணியில் சுட்டி 6 இல் இருக்கும் பெறுமானத்தை, புள்ளி[6] என்று எழுதுகிறோம்.

சுட்டி பெரும்பாலான மொழிகளில் 1 இலிருந்து தொடங்காமல் 0 இலிருந்து தொடங்குகிறது. நம் மாணவர் பலருக்கு இது இரட்டிப்புக் குழப்பம். ஏனென்றால் சாதாரண தரத்தில் (10, 11 ஆம் வகுப்புகளில்) அவர்கள் படிக்கும் பாஸ்கல் மொழி, சுட்டி எங்கிருந்து எங்குவரை என்பதை எழுதுபவரே தீர்மானிக்க விடுகிறது, பாடத்தில் அது பெரும்பாலும் 1 இலிருந்தோ 0 இலிருந்தோ வசதிப்படி வரும். உயர்தரத்தில் வரும் பைதனில் அந்தச் சுதந்திரம் இல்லை. முதலாவது எப்போதும் 0 தான். சுட்டியை வரிசை எண் என்று மனனம் செய்யாமல், தொடக்கத்திலிருந்து எத்தனை இடங்களைத் தாண்டிப் போகவேண்டும் என்று வாசித்தால் இந்தக் குழப்பம் தீரும். வாய்க்காலின் தலைப்பில் நிற்பவர் முதற்பாத்திக்குப் போக எந்தப் பாத்தியையும் தாண்டவேண்டியதில்லை. ஆகவே அதன் சுட்டி 0. ஏழாவது பாத்திக்குப் போக ஆறு பாத்திகளைத் தாண்டவேண்டும். ஆகவே அதன் சுட்டி 6. இந்த வாசிப்பைக் கைவிடாமல் வைத்திருங்கள். பின்னால் நினைவகத்தைப் பற்றிப் பேசும்போது இதுவே கைகொடுக்கும்.

ஆக, அணி என்பது ஒரே பெயரில் உள்ள வரிசை. சுட்டி என்பது தாண்டவேண்டிய இடங்களின் எண்ணிக்கை. ஒரு சுட்டி போதுமானால் அது ஒருபரிமாண அணி.

இரண்டாவது எண் எப்போது தேவைப்படுகிறது

தோட்டம் பெரிதாகும்போது தலைவாய்க்காலிலிருந்து பல கிளைவாய்க்கால்கள் பிரிகின்றன. இப்போது மூன்றாவது பாத்தி என்று மட்டும் சொன்னால் எந்தக் கிளையில் என்ற கேள்வி எழும். கிளையின் எண்ணையும் பாத்தியின் எண்ணையும் சேர்த்துச் சொன்னால்தான் இடம் தெரியும். இரண்டு எண்கள் தேவைப்படுவதால் இது இருபரிமாண அணி. தோட்டத்தின் பரப்போ வடிவமோ இதைத் தீர்மானிக்கவில்லை.

இதையே வகுப்பறைக்குக் கொண்டுவருவோம். நான்கு மாணவர், மூன்று பாடங்கள். பாடங்கள் முறையே கணிதம், தமிழ், விஞ்ஞானம். புள்ளிகளை இப்படி வைத்துக்கொள்வோம்:

மாணவர் 0: 70, 55, 80
மாணவர் 1: 62, 90, 48
மாணவர் 2: 75, 66, 71
மாணவர் 3: 40, 58, 85

கிடையாக ஓடும் வரிசை நிரை. மேலிருந்து கீழாக இறங்கும் வரிசை நிரல். தமிழ்நாட்டு நூல்களை வாசிப்பவர்கள் இங்கே சற்று நிதானிக்கவேண்டும். நிரல் என்ற சொல்லை அங்கே கணினிக்கு எழுதும் கட்டளைத் தொகுப்புக்கும் வழங்குவார்கள். இங்கே நாம் அதைச் செய்நிரல் என்கிறோம். அணி என்ற சொல்லும் அங்கே கணிதத்தில் நாம் தாயம் என்று படிப்பதைக் குறிக்கும். ஒரே மொழிக்குள் இரு கரைகளில் சொற்கள் இடம்மாறி நிற்பதால், இணையத்தில் தமிழ் விளக்கம் தேடும் பிள்ளைகள் தவறான பாடத்தில் போய் நிற்பதுண்டு.

புள்ளி[2][1] என்று எழுதினால், மாணவர் 2 இன் நிரைக்குப் போய், அங்கே பாடம் 1 ஐ எடு என்று பொருள். விடை 66. முதலில் மாணவர், பிறகு பாடம் என்ற ஒழுங்கு இயற்கை விதி அன்று; செய்நிரலை எழுதியவர் செய்துகொண்ட உடன்பாடு. பாடத்தை முதலிலும் மாணவரை அடுத்தும் வைத்தாலும் தவறில்லை. ஆனால் ஓரிடத்தில் ஒருவிதமாகவும் மற்றோரிடத்தில் மாற்றியும் எழுதினால் செய்நிரல் தவறான விடையைத் தரும்.

அந்தத் தவறு எப்போது தெரியவரும் என்பது முக்கியம். மேலேயுள்ள அட்டவணையில் புள்ளி[3][1] என்பதற்குப் பதிலாகப் புள்ளி[1][3] என்று எழுதிவிட்டால், பாடம் 3 என்று ஒன்றும் இல்லாததால் பைதன் வழுச்செய்தி காட்டி நின்றுவிடும். அது நல்லது. புள்ளி[2][1] க்குப் பதிலாகப் புள்ளி[1][2] என்று எழுதினால் 66 வரவேண்டிய இடத்தில் 48 வரும். எந்த எச்சரிக்கையும் வராது. நிரைகளும் நிரல்களும் ஒரே எண்ணிக்கையில் இருக்கும் சதுர அட்டவணையிலோ, எந்தச் சுட்டியை மாற்றி எழுதினாலும் எல்லைக்குள்ளேயே விழும். ஆகையால் இந்தப் பிழை என்றைக்குமே சத்தம் போடாது. எனவே ஒரு செய்நிரலைச் சோதிக்கும்போது 3 இற்கு 3 என்ற அட்டவணையை எடுக்கவேண்டாம். 4 இற்கு 3 அல்லது 5 இற்கு 2 எடுங்கள் என்று எல்லா வகுப்பிலும் நான் வற்புறுத்துகிறேன்.

பரிமாணம் வேறு, பருமன் வேறு

ஓர் அணியில் எத்தனை பெறுமானங்கள் உள்ளன என்பது அதன் பருமன். பத்து இலட்சம் எண்களை ஒரே வரிசையில் வைத்தாலும் அது ஒருபரிமாண அணியே. ஒவ்வொரு பரிமாணத்திலும் இரண்டிரண்டு இடங்கள் மட்டும் கொண்ட முப்பரிமாண அணியில் இருப்பவை 8 பெறுமானங்களே. ஐந்து நிரைகள் உள்ளதால் இது ஐந்துபரிமாண அணி என்று விடைத்தாளில் எழுதப்படுவது, இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் வருகிறது.

இதைவிட நுணுக்கமான குழப்பம் ஒன்று உண்டு. நீளம், அகலம், உயரம் கொண்ட வெளியில் ஒரு புள்ளியின் இடத்தைச் சொல்ல மூன்று எண்கள் வேண்டும் என்று கணிதத்தில் படிக்கிறோம். அந்த மூன்று எண்களையும் கணினியில் எப்படி வைப்போம்? மூன்று இடங்கள் கொண்ட ஒருபரிமாண அணியில். வெளி முப்பரிமாணமானது, அதைச் சுமக்கும் அணி ஒருபரிமாணமானது. கணிதத்தில் கெட்டிக்காரரான பிள்ளைகளே இங்கு அதிகம் தடுமாறுகிறார்கள். அணியைப் பொறுத்தவரை கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒரு பெறுமானத்தை எடுக்க எத்தனை சுட்டிகள் எழுதுகிறேன்?

மூன்றாவதும் நான்காவதும்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வரும் புகையிரதத்தில் ஆசனம் பதிவுசெய்தவரின் ரிக்கற்றை எடுத்துப் பாருங்கள். பயண நாள், பெட்டி, ஆசன எண் மூன்றும் அதில் இருக்கும். ஆசன எண் மட்டும் தெரிந்தால் ஒவ்வொரு பெட்டியிலும் அந்த எண்ணில் ஓர் ஆசனம் இருக்கும். பெட்டியும் தெரிந்தால், நாளைக்கும் நாளைமறுநாளும் அதே பெட்டியில் அதே ஆசனம் வேறொருவருக்குரியதாக இருக்கும். மூன்றும் தெரிந்தால்தான் ஒருவருக்கு ஓரிடம். பதிவுகளை வைத்திருக்கும் செய்நிரல் ஒன்றை நாம் எழுதினால், ஆசனம்[நாள்][பெட்டி][எண்] என்ற முப்பரிமாண அணி போதும். அதே நாளில் காலையிலும் இரவிலும் புகையிரதம் ஓடினால் இன்னோர் எண் தேவைப்படும், ஆசனம்[நாள்][ஓட்டம்][பெட்டி][எண்]. இதோ நான்காவது பரிமாணம். ரிக்கற்றை வாங்கிய எவரும் நான்கு பரிமாண உருவத்தைக் கற்பனை செய்யவில்லை. நான்கு விபரங்களை வாசித்துத் தம் ஆசனத்தில் போய் அமர்ந்தார்கள்.

நம் புள்ளி அட்டவணைக்கும் இதுவே வழி. பாடசாலை ஆண்டில் மூன்று தவணைகள் இருப்பதால், தவணைக்கு ஓர் அட்டவணையாக மூன்று அட்டவணைகள் வரும். புள்ளி[தவணை][மாணவர்][பாடம்] என்று எழுதுவோம். பருமன் 3 × 4 × 3, அதாவது 36. பல ஆண்டுகளுக்கு வைத்திருக்கவேண்டுமானால் ஆண்டு என்று இன்னுமொரு சுட்டி முன்னால் வரும். புதிய பரிமாணம் ஒன்றைச் சேர்ப்பதென்றால், இன்னுமொரு கேள்விக்கு விடை சொல்வது என்றே கொள்ளவேண்டும். எந்த ஆண்டில், எந்தத் தவணையில், எந்த மாணவர், எந்தப் பாடத்தில் என்று தமிழ் வாக்கியமாகச் சொல்லிப் பார்த்தால் சுட்டிகளின் ஒழுங்கு தானாக வரும். எத்தனை பரிமாணம் என்றாலும் படம் கீறாமல் வாக்கியம் சொல்லுங்கள்.

1957 இல் வெளிவந்த போர்ட்ரான் மொழியில் ஓர் அணிக்கு மூன்று சுட்டிகள் வரையே எழுதலாம். போர்ட்ரான் 77 அதை ஏழாக உயர்த்தியது. போர்ட்ரான் 2008 பதினைந்தாக்கியது. இடையில் உலகத்துக்குப் புதிய பரிமாணங்கள் முளைக்கவில்லை. மொழியை வரையறுத்தவர்கள் கூடுதலான சுட்டிகளை எழுத இடமளித்தார்கள், அவ்வளவுதான்.

கைத்தொலைபேசியில் எடுக்கும் நிறப்படமும் முப்பரிமாண அணியாகவே கையாளப்படுகிறது என்பதைச் சொன்னால் மாணவர்கள் வியக்கிறார்கள். 1080 நிரைகளும் 1920 நிரல்களும் கொண்ட படத்தில், ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அளவுகள் உண்டு. படம்[நிரை][நிரல்][நிறம்], மொத்தம் 62,20,800 எண்கள். படம் தட்டையானது. அணிக்கு மூன்று சுட்டிகள்.

நினைவகத்தில் அட்டவணை இல்லை

இனி உள்ளே நடப்பதைப் பார்ப்போம். கணினியின் நினைவகம் செய்நிரலுக்கு ஒரே நீளமான வரிசையாகத் தெரிகிறது. ஒவ்வோர் இடத்துக்கும் முகவரி எனப்படும் ஓர் எண் உண்டு. அதில் நிரையும் இல்லை, நிரலும் இல்லை. அப்படியானால் 3 × 4 × 3 அணி அதில் எப்படி இருக்கிறது? வரிசையாகத்தான் இருக்கிறது. தவணை 0 இன் 12 புள்ளிகள் முதலில், அடுத்துத் தவணை 1 இன் 12, பின்னர் தவணை 2 இன் 12. ஒவ்வொரு பன்னிரண்டுக்குள்ளும் மாணவருக்கு மூன்று வீதம்.

யாழ்ப்பாணத்து வீடுகளில் தொங்கும் பஞ்சாங்கத்தைப் புரட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதன்று. ஒரு நாள் 60 நாழிகை. ஒரு நாழிகை 60 விநாழிகை. 2 நாள், 3 நாழிகை, 20 விநாழிகை என்பது மொத்தம் எத்தனை விநாழிகை? ஒரு நாளைக்கு 3600 விநாழிகை; ஆகவே 2 × 3600 + 3 × 60 + 20 = 7400. மூன்று எண்களாகச் சொன்னதை ஒரே எண்ணாக்கிவிட்டோம். கணினி அணிக்குச் செய்வதும் இதுவே.

புள்ளி[2][1][2] எங்கே இருக்கிறது? ஒரு தவணையைத் தாண்டினால் 12 இடங்கள். ஒரு மாணவரைத் தாண்டினால் 3 இடங்கள். ஒரு பாடத்தைத் தாண்டினால் 1 இடம். ஆகவே 2 × 12 + 1 × 3 + 2 = 29. தொடக்கத்திலிருந்து 29 இடங்களைத் தாண்டினால் அந்தப் புள்ளி கிடைக்கும். சுட்டியைத் தாண்டவேண்டிய இடங்களாக வாசிக்கச் சொன்னதன் பயன் இங்கே தெரிகிறது. 0 இலிருந்து எண்ணியதால் கணக்கில் எங்கும் ஒன்றைக் கழிக்கவேண்டியிருக்கவில்லை. எதிர்த்திசையிலும் போகலாம். 29 ஐ 12 ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 5. 5 ஐ 3 ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 2. மீண்டும் [2][1][2].

இப்படிக் கடைசிச் சுட்டி வேகமாக மாறும்படி அடுக்குவது நிரைவழி ஒழுங்கு. சி மொழியின் முறை இது. போர்ட்ரான் மொழி முதற்சுட்டி வேகமாக மாறும்படி அடுக்குகிறது. அது நிரல்வழி ஒழுங்கு. தொடக்க நிலையில் இவ்விரண்டும் உண்டு என்று அறிந்திருப்பது போதும்.

சுருக்கமாகச் சொன்னால், பல சுட்டிகளை எழுதுவது நமக்கான வசதி. கணினி அவற்றைப் பெருக்கிக் கூட்டி ஒரே எண்ணாக்கி, ஒரே வரிசையில் தேடுகிறது.

லூப்புக்குள் லூப்

ஒரு கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் அமைப்பைப் பாடநூல் மீள்செய்கை என்கிறது; வகுப்பில் எல்லோரும் லூப் என்கிறோம். இருபரிமாண அணி முழுவதையும் பார்வையிட ஒரு லூப்பை இன்னொரு லூப்புக்குள் வைக்கவேண்டும். தண்ணீர் கட்டுபவர் செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளைவாய்க்காலைத் திறக்கிறார். அந்தக் கிளையின் பாத்திகள் அனைத்தையும் ஒவ்வொன்றாக நிறைக்கிறார். எல்லாம் முடிந்த பிறகே அடுத்த கிளைக்குப் போகிறார். கிளை மாறுவது வெளி லூப்; பாத்தி மாறுவது உள் லூப். வெளி லூப் ஓரடி எடுத்துவைக்கும் ஒவ்வொரு முறையும் உள் லூப் முதலிலிருந்து கடைசிவரை ஓடிமுடிகிறது.

ஒவ்வொரு மாணவரின் மொத்தத்தையும் கணிக்கும் போலிக்குறிமுறை இது. போலிக்குறிமுறை என்பது எந்த மொழிக்கும் உரியதாகாமல், செய்யவேண்டிய படிகளை நாம் விளங்கும் சொற்களில் எழுதுவது.

மாணவர் = 0 முதல் 3 வரை:
— — கூட்டு = 0
— — பாடம் = 0 முதல் 2 வரை:
— — — — கூட்டு = கூட்டு + புள்ளி[மாணவர்][பாடம்]
— — கூட்டு என்பதைக் காட்டு

விடைகள் 205, 200, 212, 183.

தொடக்க மாணவர்கள் அதிகம் தவறுவது கூட்டு = 0 என்ற ஒரே வரியை எங்கே எழுதுவது என்பதில்தான். அதை இரண்டு லூப்புகளுக்கும் வெளியே, மேலே எழுதிவிட்டால், ஒரு மாணவரின் மொத்தம் அடுத்தவரின் தலையில் ஏறும். 205, 405, 617, 800 என்று வரும். முதல் விடை சரியாக இருப்பதால் மேலோட்டமாகப் பார்ப்பவருக்குப் பிழை தெரியாது. உள் லூப்புக்குள் எழுதிவிட்டால் ஒவ்வொரு பாடத்திலும் கூட்டு அழிந்து, கடைசிப் பாடத்தின் புள்ளி மட்டும் மிஞ்சும். 80, 48, 71, 85. ஆகவே ஒரு கேள்வியை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: இந்தக் கூட்டு யாருக்குரியது? மாணவருக்கு ஒன்று என்றால், மாணவர் மாறும் இடத்தில், அதாவது வெளி லூப்புக்குள்ளே, உள் லூப்புக்கு முன்னே, அதைப் பூச்சியமாக்கவேண்டும்.

பாடத்துக்கு ஒரு மொத்தம் வேண்டுமானால் என்ன செய்வது? பாடத்தை வெளி லூப்பாகவும் மாணவரை உள் லூப்பாகவும் மாற்றுங்கள். புள்ளி[மாணவர்][பாடம்] என்ற எழுத்தைத் தொடாதீர்கள். லூப்புகளை மாற்றும்போது சுட்டிகளையும் மாற்றவேண்டும் என்று நினைப்பது பரவலான பிழை. லூப்பின் ஒழுங்கு நாம் நடக்கும் பாதை, சுட்டியின் ஒழுங்கு அணியை அமைத்தபோது செய்த உடன்பாடு. சரியாக எழுதினால் 247, 269, 284 வரும். இவற்றின் கூட்டுத்தொகையும் மாணவர் மொத்தங்களின் கூட்டுத்தொகையும் 800 ஆக இருப்பதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

விடை ஒன்றாக இருந்தாலும், பெரிய அணிகளில் எந்தப் பாதையில் நடக்கிறோம் என்பது வேகத்தைப் பாதிக்கும். கணினி நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை எடுக்கும்போது, பக்கத்தில் உள்ளவற்றையும் சேர்த்து, பதுக்கு நினைவகம் எனப்படும் சிறிய, மிக வேகமான நினைவகத்துக்குக் கொண்டுவருகிறது. நிரைவழி ஒழுங்கில் கடைசிச் சுட்டியை உள் லூப்பில் ஓடவிட்டால், கொண்டுவந்தவை அனைத்தும் உடனே பயன்படும். மாறாக நடந்தால், ஒரு பாத்திக்கு மட்டும் நீர் விட்டுவிட்டு, அந்தக் கிளையை அடைத்து, அடுத்த கிளையைத் திறக்க ஓடுபவரின் நிலைதான் கணினிக்கும்.

பைதனில் கவனிக்கவேண்டிய ஓர் இடம்

பைதனில் தொடக்க மாணவர்கள் பயன்படுத்துவது உண்மையில் பல்பரிமாண அணி அன்று, பட்டியலுக்குள் பட்டியல். வெளிப் பட்டியலில் எண்கள் இல்லை. உள்பட்டியல்கள் எங்கே இருக்கின்றன என்ற குறிப்புகளே இருக்கின்றன. இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. முதலாவது, ஒரு நிரையில் மூன்று பெறுமானங்களும் மற்றொன்றில் ஐந்தும் இருக்கலாம், பைதன் தடுக்காது. இரண்டாவது விளைவு பலரை அலைக்கழிப்பது.

நான்கு நிரைகள், மூன்று நிரல்கள், எல்லாம் பூச்சியம் என்று ஓர் அட்டவணை வேண்டும். சுருக்கமாக [[0]*3]*4 என்று எழுதலாம் போலத் தோன்றும். காட்டச் சொன்னால் சரியான அட்டவணையும் தெரியும். ஆனால் இங்கே நான்கு நிரைகள் உருவாகவில்லை. ஒரே நிரை உருவாகி, அதற்கான குறிப்பு நான்குமுறை எழுதப்படுகிறது. ஒரே கொப்பியின் அட்டையில் நான்கு பிள்ளைகளின் பெயர்களை எழுதிவைத்தது போன்ற நிலை. ஒரு பிள்ளை எழுதினால் நால்வரின் கொப்பியிலும் அது இருக்கும். நான் கற்பிக்கத் தொடங்கிய காலத்தில் ஒரு கல்வி நிலையத்துக்காக எழுதிய புள்ளிப் பதிவேட்டில் இந்த வரி இருந்தது. வகுப்பில் எல்லோருக்கும் ஒரே புள்ளிகள் வந்தன. கூட்டும் லூப்பில் பிழை தேடி ஒரு முழு மாலையைக் கழித்த பிறகே, பிழை அட்டவணையை உருவாக்கிய முதல் வரியில் இருப்பதைக் கண்டேன்.

தீர்வு எளிது. ஒரு லூப்பை ஓடவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் மூன்று பூச்சியங்கள் கொண்ட புதிய பட்டியலை உருவாக்கி, அதை வெளிப் பட்டியலில் சேர்க்கவேண்டும். அப்போது நான்கு பேருக்கும் நான்கு கொப்பிகள். எண்களை வைத்துப் பெரிய கணக்குகள் செய்யும் நிலைக்கு வரும்போது, நம்பை என்ற நூலகம் (பிறர் எழுதிவைத்த ஆயத்தச் செய்நிரல்களின் தொகுப்பு) உண்மையான பல்பரிமாண அணிகளைத் தரும். மேலே பார்த்த பெருக்கிக் கூட்டும் கணக்கை அதுவே உள்ளுக்குள் செய்துகொள்ளும்.

ஒரு சுட்டியை நிறுத்திவைத்தல்

கடைசியாக, கற்றவற்றை ஓரிடத்தில் சேர்த்துப் பயன்படுத்திப் பார்ப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லில் தேங்கும் நிலத்தடி நீரையே கிணறுகள் தருகின்றன. பெரும்பாலான மழை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கிடைப்பதால், கிணற்று நீர்மட்டம் ஆண்டுக்குள் ஏறி இறங்குகிறது. மாவட்டத்தின் 15 பிரதேச செயலாளர் பிரிவுகளிலும் பிரிவுக்கு ஒரு கிணறாகத் தெரிந்தெடுத்து, மாதம் ஒருமுறை தரையிலிருந்து நீர் எத்தனை சதமமீற்றர் ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து, 2015 முதல் 2024 வரை பதிவுசெய்ததாக வைத்துக்கொள்வோம்.

எந்த ஆண்டில், எந்தப் பிரிவில், எந்த மாதத்தில் என்று மூன்று கேள்விகள். ஆகவே ஆழம்[ஆண்டு][பிரிவு][மாதம்], பருமன் 10 × 15 × 12, அதாவது 1800. ஆண்டுச் சுட்டியைப் பெற ஆண்டிலிருந்து 2015 ஐக் கழிக்கவேண்டும். மாதச் சுட்டியைப் பெற மாத எண்ணிலிருந்து 1 ஐக் கழிக்கவேண்டும். எனவே 2019 ஒக்டோபர் என்பது ஆண்டு 4, மாதம் 9.

இங்கே ஒரு சுட்டியை ஓர் எண்ணில் நிறுத்திவைத்துவிட்டால், மிஞ்சும் அணியின் பரிமாணம் ஒன்று குறையும். ஆழம்[4] என்பது 2019 ஆம் ஆண்டுக்கான 15 × 12 அட்டவணை. ஆழம்[4][7] என்பது அந்த ஆண்டில் ஒரு பிரிவின் 12 மாத வரிசை. ஆழம்[4][7][9] என்பது ஒரே ஓர் எண். பெரிய அணியைக் கண்டு தயங்குபவர்கள் இதைப் பயன்படுத்தவேண்டும். கேள்விக்குத் தேவையற்ற சுட்டிகளை நிறுத்திவைத்தால், கையில் மிஞ்சுவது பெரும்பாலும் நமக்கு முன்பே பழக்கமான அட்டவணையோ வரிசையோ தான்.

இப்போது ஒரு வினாவை எடுத்துக்கொள்ளுங்கள்: 2019 இல் ஒவ்வொரு பிரிவிலும் நீர் மிக ஆழத்துக்கு இறங்கிய மாதம் எது? ஆண்டு 4 இல் நிற்கிறது. பிரிவு வெளி லூப். மாதம் உள் லூப். பிரிவு மாறும் ஒவ்வொரு முறையும், இதுவரை கண்ட மிகப் பெரிய ஆழமாக அந்தப் பிரிவின் மாதம் 0 இன் அளவை எடுத்துக்கொண்டு, மாதம் 1 முதல் 11 வரை ஒப்பிட்டு, பெரிதாக ஒன்று வந்தால் ஆழத்தையும் மாதத்தையும் புதுப்பிக்கவேண்டும். தொடக்க அளவைப் பிரிவு லூப்புக்கு வெளியே வைத்துவிட்டால் என்ன நடக்கும் என்று கொப்பியில் எழுதிப் பாருங்கள். முதற்பிரிவின் கிணற்றில் நீர் மற்றெல்லாவற்றையும்விட ஆழத்துக்கு இறங்கியிருந்தால், பதினைந்து பிரிவுகளுக்கும் ஒரே மாதமே விடையாக வரும். அதைப் பார்த்தவுடன், அந்த ஒரு வரியை எங்கே நகர்த்தவேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.